முன்சக்கரத்துக்குப் பயந்த கனகராஜ் அண்ணன்

கல்யாணப் பெண் ஒருத்தியின் பிளவுசுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். "கனகராஜ் அண்ணன் போயிட்டாரு. காலையில நெஞ்சு வலின்னு மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. அங்க போய்ச் சேர்றதுக்குள்ளயே முடிஞ்சிருச்சாம்" என்றார். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு வேறொரு கேள்விதான் வந்தது. "நீங்க இப்ப அந்த வண்டியிலயா வரப்போறீங்க?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். "அவசரப்படாதீங்க. மெதுவா வாங்க" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

உக்குவளையில் அவருடைய வெல்டிங் பட்டறையும் என்னுடைய தையல் கடையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டும். அந்தப் பலகை இடுக்கு வழியாகப் பொறி பறந்து வந்து என் துணிகளில் ஓட்டை போட்டதற்காக நான் அவரோடு போட்ட சண்டைகளை இந்தக் கடைத்தெருவே கேட்டிருக்கும். நான் கத்துவேன். அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு, "சரி தங்கச்சி, சரி தங்கச்சி" என்பார். மறுநாள் இடுக்கில் ஒரு தகரம் அடித்திருப்பார். அதற்கு மறுநாள் இன்னொரு இடுக்கு வழியாகப் பொறி வரும்.

அவரைத் தெரிந்த உங்களில் பலர் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் முகத்துக்கு நேரே. கேட் செய்து கொடுத்தால், அது குழந்தை மேல் சரிந்துவிடுமோ என்று பயப்படுவார். தண்ணீர்த் தாங்கிக்கு ஸ்டாண்ட் செய்து கொடுத்தால், மழை பலமாகப் பெய்கிற நாளில் அந்த வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார். பாரம் தாங்க வேண்டிய எதைச் செய்தாலும் இரண்டாகச் செய்வார். ஒன்றை லொறிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோ, ஜாக் வைத்து நெரித்தோ உடைத்துப் பார்ப்பார். வெல்டிங்கில் பற்றவைத்த இடம் உடையாமல் பக்கத்து இரும்பு வளைந்தால்தான் மற்றதைக் கையை விட்டுக் கொடுப்பார். "பயம் இல்லாதவன் வெல்டிங் பண்ணக் கூடாது தங்கச்சி. அவன் வேற வேலைக்குப் போவட்டும்" என்பார். இப்படி வேலை செய்கிறவர் எங்கே பிழைக்கப்போகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் வீட்டுக்காரர் போய் நின்றார். இவருக்குப் பல்லேபொலப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கி, அக்குறணைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று. குழியில் விழுந்து அதன் முன் ஃபோர்க் வளைந்துவிட்டது. பழைய மாதிரிக்குச் சாமான் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குள் தொலைபேசியில் எதையோ பார்த்துவிட்டார். கேர்டர் ஃபோர்க் என்று அதற்குப் பெயர். வழக்கமான வண்டியில் முன்சக்கரத்தின் இரு பக்கமும் குழாய்க்குள் குழாய் இறங்கி ஏறும். இதில் அப்படி இல்லை. இரும்புக் குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்து, சின்ன ஏணி மாதிரி ஒரு சட்டம். அதை வண்டியின் கழுத்தோடு சிறு கைகளால் பூட்டி, நடுவில் ஒரே ஒரு ஸ்பிரிங். மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சாப்பிடும்போதும் அந்தப் படம்தான்.

"வேணாம் தம்பி. கதவு ஒடைஞ்சா திரும்பவும் மாட்டலாம். இது ஒடைஞ்சா ஒன் மூஞ்சி ரோட்டுல இருக்கும்" என்றார் கனகராஜ் அண்ணன். இவர் விடவில்லை. நீங்கள் செய்யாவிட்டால் கண்டிப் பக்கம் யாரிடமாவது கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் அவர் சம்மதித்தார். என்னிடம் வந்து, "வேற எவனாவது பயப்படாம செஞ்சு குடுத்துருவான் தங்கச்சி. அதுக்கு நானே செஞ்சுர்றேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் கத்தரிக்கோலால் குத்தியிருப்பேன்.

மாதக்கணக்கில் அந்த வேலை நடந்தது. வழக்கம்போல இரண்டு செய்தார். ஒன்றை மரக்குற்றியில் கட்டி ஜாக்கால் நெரித்தபோது எழுந்த முனகல் சத்தம் பலகைச் சுவரைத் தாண்டி என் பல்லுக்குள் கூசியது. குழாய் வளைந்தது, பற்றவைத்த இடம் விடவில்லை. மற்றதை வண்டியில் பூட்டினார். பெயின்ட் மட்டும் அடிக்க மாட்டேன் என்றுவிட்டார். பெயின்ட் அடித்தால் வெடிப்பு தெரியாதாம். எண்ணெய் பூசிய கறுப்பு இரும்பாக நின்றது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஓடிப் பார்க்க முதலில் ஏறியவர் என் வீட்டுக்காரர் என்றாலும், எப்படி இருக்கிறது என்று கனகராஜ் அண்ணன் கேட்டது என்னிடம். "ஓட்டுறவனுக்கு வண்டி மேல ஆசை. அவன் பேச்ச நம்பக் கூடாது. பின்னால ஒக்காந்திருக்கறவங்கதான் உண்மையச் சொல்லுவாங்க. நீங்க ஏறிப் போய்ட்டு வந்து சொல்லுங்க தங்கச்சி" என்றார். மாத்தளை வரைக்கும் போய் வந்தோம். திரும்பும்போது, பிரேக் பிடிக்கும் நேரங்களில் மட்டும் என் இருக்கையில் ஒரு நடுக்கம். மிகச் சின்னது. என் வீட்டுக்காரர் சிரித்தார். "அது வண்டி இல்ல, ஒன் நடுக்கம்" என்றார். பட்டறை வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். கனகராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. எந்த இடத்தில், எந்தப் பக்கம், காலில் தெரிந்ததா முதுகில் தெரிந்ததா என்று ஒரு டாக்டர் போலக் கேட்டார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வண்டிய வச்சிட்டுப் போ" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெடிப்பு பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பற்றவைத்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைப்பார். அதன் மேல் வெள்ளைப் பொடி தூவுவார். உள்ளே வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே வந்து பொடியில் கறுப்புக் கோடாகத் தெரியும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பொடி என்னுடைய தையல் சோக்குதான், சுரண்டி எடுத்துக்கொண்டு போவார். அன்றும் பொடியைத் தூவிவிட்டு, வோஷர் வாங்கக் கடைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போய் வந்த பூசைத் தட்டோடு சாப்பாடு கொண்டுவந்தார் பவளம் அக்கா, அவருடைய மனைவி. வண்டியின் கழுத்தில் வெள்ளையாகப் பூசியிருந்ததைப் பார்த்ததும் அது திருநீறு என்று நினைத்துவிட்டார். ஒருநாளும் சாமி கும்பிடாத மனுஷன் கடைசியில் வண்டிக்குப் பூசை போட்டிருக்கிறாரே என்று சந்தோஷம். விட்ட குறையைத் தான் முடித்து வைப்போம் என்று, சரியாக அந்த இடத்திலேயே சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, சூடமும் காட்டிவிட்டார். வண்டி என்னாயிற்று என்று பார்க்க வந்த என் வீட்டுக்காரரிடம், "எல்லாம் முடிஞ்சிருச்சு தம்பி, நல்லபடியா எடுத்துட்டுப் போங்க" என்றும் சொல்லியிருக்கிறார். நான் உள்ளே ஒரு பிள்ளைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது ஆள் போயாகிவிட்டது.

திரும்பி வந்த கனகராஜ் அண்ணன், வண்டி நின்ற வெறும் இடத்தைப் பார்த்து நின்றார். பவளம் அக்கா சொன்னதைக் கேட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. "எந்தப் பக்கம் போனான்?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். அக்குறணைக்கு மிளகு கொண்டுபோகிறார் என்றேன். அக்குறணைக்குப் போவதென்றால் பலகடுவ ஏற்றத்தில் ஏறி, மறுபக்கம் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தையும் வளைவுகளையும் தெரிந்தவர்களுக்கு நான் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பிரேக்கிலிருந்து கையை எடுக்க முடியாத இறக்கம்.

ஆட்டோ பிடித்தோம். நான் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர் எப்படி எடுப்பார்? எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் முகத்தையும் பார்த்தேன், ஏதாவது விபத்தைத் தாண்டி வந்த முகமா என்று. பக்கத்தில் இருந்த கனகராஜ் அண்ணன், "ஒண்ணும் இருக்காது தங்கச்சி. ஒண்ணும் இருக்காது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தா?" என்று தனக்குத்தானே கேட்டார். ஐயோ, அந்த ஒரு சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆட்டோக்காரத் தம்பிகூட அதற்குப் பிறகு ரேடியோவை நிறுத்திவிட்டார்.

ஏற்றம் முடிகிற இடத்தில், ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வண்டி நின்றது. என் வீட்டுக்காரர் பிளேன்டீ குடித்துக்கொண்டு, இறக்கத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் போய் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். கடைக்காரர் பயந்துவிட்டார். கனகராஜ் அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. நேரே முன்சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டார். துடைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பவளம் அக்கா வைத்த சந்தனத்தின் இரண்டு பக்கமும், மிச்சமிருந்த வெள்ளைப் பொடியில், ஒரு கறுப்புக் கோடு ஓடியது. என் ஊசியில் கோக்கிற நூலின் கனம்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கனகராஜ் அண்ணன் ரோட்டோரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "தப்பு என்னுது. பத்தவச்ச அன்னைக்கு மழக்காத்து அடிச்சுது. கதவச் சாத்தாம விட்டுட்டேன், சூடு சட்டுன்னு ஆறிருச்சு. ஒடைச்சது நல்லது, பூட்டுனது கெட்டது" என்றார். சின்ன லொறி ஒன்றில் வண்டியை ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

அந்த ஃபோர்க்கைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார், வேறு யாரும் எடுத்துப் பூட்டிவிடாதபடி. பிறகு புதிதாக இன்னொன்று செய்தார். இந்த முறை பற்றவைத்த ஒவ்வொரு மூட்டையும் சூடான அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து, கதவைச் சாத்தி, ஆறும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதுதான் இன்று வரைக்கும் ஓடியது. மாதாமாதம் வண்டியைப் பிடித்து நிறுத்திச் சோதிப்பார். என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார். அண்ணன் காதில் வாங்க மாட்டார். முதலில் என்னிடம்தான் வருவார். "ஒக்காந்து போனீங்களா தங்கச்சி? ஏதாவது தெரிஞ்சுதா?" என்பார். இத்தனை வருஷத்தில், என் பயத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளாத குறையாக மதித்த ஒரே ஆம்பிளை அவர்தான். என்னைக் கட்டியவர்கூட அப்படிக் கேட்டதில்லை.

சாவு வீட்டுக்கு நாங்கள் அந்த வண்டியில்தான் போனோம். வேறு வண்டி எங்களிடம் இல்லை. ஆம்பிளைகள் மயானத்துக்குப் போன பிறகு பவளம் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார். அழுது அழுது குரல் போயிருந்தது. "ஒங்க வண்டியப் பத்தி அவரு ஒண்ணு சொல்லி வச்சிருக்காரு" என்றார். போன மாதம் நெஞ்சில் ஏதோ பிடித்தது போல இருந்தபோது சொன்னாராம்: "நான் இல்லாமப் போனா, யோகநாதன்கிட்ட அந்த ஃபோர்க்கக் கழட்டிரச் சொல்லு. அது நல்லாத்தான் இருக்கு. ஆனா பயப்படுறதுக்கு ஆள் இல்லாத சாமான் ரோட்டுல ஓடக் கூடாது."

யோகநாதன் என் வீட்டுக்காரர். மயானத்திலிருந்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவரிடம் இதைச் சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். வண்டியிடம் போனார். சாவியைப் போடவில்லை. ஸ்டாண்டை எடுத்துவிட்டுத் தள்ளத் தொடங்கினார். நான் பின்னால் நடந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன யோகா, பெட்ரோல் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்கள். இருக்கு இருக்கு என்றபடி தள்ளினார்.

கனகராஜ் அண்ணனை வழியனுப்ப வந்த நாங்கள் அவர் செய்த அந்த இரும்பை வீட்டில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அதை வெட்டிவிடுவோம். நான் வைத்துக்கொள்வது அவருடைய பயத்தை. இனி எனக்கு நடுக்கம் தெரிந்தால், யார் சிரித்தாலும் சொல்வேன். கேட்க அவர் இல்லை என்பதற்காக வாயை மூடிக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வீட்டுக்கு இறங்கும் சரிவில் வண்டி தன் பாரத்தில் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. என் வீட்டுக்காரர் முன்னாலும் நான் பின்னாலுமாக இழுத்துப் பிடித்தோம். "பயமா இருக்கா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"ஆமா" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார்.