ஒரு பக்க வசனம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில், கோலியர்ஸ் வுட் பக்கம், வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் உதவும் வேலை பார்த்தேன். கவுன்சில் தந்த பட்டியலில் ஓர் அமெரிக்கரும் இருந்தார். கதவைத் திறந்ததும் எனக்கு அந்த முகம் தெரிந்தது. யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் இந்த மனிசன் குதிரையிலிருந்து விழுந்து செத்ததை நானே பார்த்திருக்கிறேன். பெயர் மட்டும் தெரியாது. அது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

நடிகர் என்றால் பெரிய நடிகர் இல்லை. கதாநாயகனுக்கு மதுக்கடையில் கிளாஸ் நீட்டுபவர், முதல் குண்டுக்கே விழுகிற பொலிஸ்காரர், இப்படித்தான். ஒரு நாடகத்தோடு லண்டனுக்கு வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, மனைவி செத்த பிறகும் திரும்பிப் போகவில்லை. டிவி நாடகத்தில் அமெரிக்கக் கிழவன் தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். "எத்தனை தரம் செத்திருப்பீங்கள்?" என்று ஒருநாள் பகிடியாகக் கேட்டேன். "செத்ததுக்குக் கணக்கில்லை. ஒரு வசனமாவது கதைச்சுப்போட்டுச் சாக விட்டது ரெண்டே ரெண்டு தரம்தான்" என்றார். அவர் இங்கிலிசில் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் பேச்சாகவே நிற்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு ஒரு வேடம் வந்தது. தொலைந்த மகளைத் தேடி லண்டன் வரும் தகப்பன். ஒரு முழுப் பக்க வசனம். அவ்வளவு பெரிய பேச்சு வாழ்நாளில் அவருக்குக் கிடைத்ததேயில்லை. ஆனால் அப்போது மறதி தொடங்கியிருந்தது; கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுவார். மகளின் வரிகளை என்னை வாசிக்கச் சொன்னார். பாத்திரம் கழுவியபடி என் யாழ்ப்பாண இங்கிலிசில் நான் வாசிக்க, அவர் நாலாவது வரியில் நின்றுவிடுவார். திரும்பத் தொடங்குவார், அதே இடத்தில் நிற்பார். "ஏலும். இன்னும் ரெண்டு கிழமை இருக்கு" என்பார்.

ஒரு காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வேடம் பிடித்துத் தரும் ஏஜென்ட் போன் அடித்தாள், நான்தான் பேசினேன். அன்பான குரல். அவர் எப்படியிருக்கிறார் என்று கேட்டாள். எங்கள் ஆட்கள் சுகம் விசாரித்தால் நாங்கள் ஒரு சொல்லில் முடிப்பதில்லை. எந்தக் கால் வீக்கம், எத்தனை மருந்துக் குளிசை, நித்திரை வருகிறதா என்று எல்லாவற்றையும் சொல்வோம். சொல்லாவிட்டால் கேட்டவரை மதிக்காத மாதிரி. அப்படியே சொன்னேன். மறதியைச் சொன்னேன், கை நடுங்குவதைச் சொன்னேன், நாலாவது வரியையும் சொன்னேன். பாவம், நல்லா முயற்சி செய்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவரின் கை சோற்றிலேயே நின்றது. "உமக்கென்ன விசரே? வேலை குடுக்கிற இடத்தில போய் உதெல்லாம் சொல்லுறதே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அகதி விண்ணப்பத்தில் ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தரம் யோசித்து எழுதியவள் நான். இன்னொருவரின் பிழைப்பை வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

அடுத்த கிழமை போனபோது அவர் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு இருந்தார். "அந்தத் தகப்பனைக் கதையிலயிருந்தே எடுத்துப்போட்டினமாம். ஏஜென்ட் சொன்னவ" என்றார். மனம் நோகக்கூடாதென்று அவள் பொய் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. நான்தான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் ஒரு பக்கம். என் வேலை போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிது, அதையும் ஒளிக்கக்கூடாது.

"பாடமாக்கினது வீணாப்போகாமல் ஒருக்காச் சொல்லிப் பாப்பம். வாசியுங்கோ" என்றார்.

வாசித்தேன். நாலாவது வரி வந்தது. இந்த முறையும் இங்கே தடுமாறட்டும், அப்போதுதான் நான் சொன்னது உண்மையாகவாவது இருக்கும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடி, ஒரு சொல் பிசகாமல், பக்கத்தின் கடைசி வரை சொல்லி முடித்தார்.