புளியங்கொட்டைப் பாயசம்

திருமயத்துப் புளியங்கொட்டை மில்லில் நல்லதம்பியின் நிஜமான நிறத்தைப் பார்த்தவர்கள் குறைவு. எந்நேரமும் மாவு. கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, பருப்பை அரைத்து, நூலுக்குக் கஞ்சி போட மதுரைப் பஞ்சாலைகளுக்கு அனுப்புவார்கள். அரைத்ததில் கொஞ்சம் காய்ச்சி, ஒரு துளியை இரு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்துப் பார்ப்பது அவன் வேலை. அறுந்துபோகாமல் கம்பியாக நீண்டால் மாவு தேறிவிட்டது. வீட்டில் சாம்பாரையும் இப்படித்தான் சோதிப்பான், தரித்திரம்!

இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? முப்பத்து மூன்று வயதாகியும் எந்த இடமும் அமையவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. 1957 ஆவணியில், குளத்தூரில் டூரிங் டாக்கீசுக்குச் சுவரொட்டி ஒட்டும் ஆண்டிச்சாமியின் மகள் செங்கமலத்தைப் பார்க்கப் போனார்கள். கூட வந்தவள் அக்கா அழகம்மாள். குறை கண்டுபிடிப்பதில் போலீஸ் அவளிடம் பாடம் கேட்கலாம்.

பெண்ணைப் பார்த்ததும் நல்லதம்பிக்குப் பிடித்துவிட்டது. அக்கா இன்னும் சுவரில் விரிசல் தேடிக்கொண்டிருந்தாள். பெண்ணின் தாய் பாயசம் கொண்டுவந்தாள். அங்கே கை நனைத்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அவன் விரல் சும்மா இருக்குமா? யாரும் பார்க்காதபோது டம்ளருக்குள் போனது. பிரித்தான். கம்பி நீண்டுகொண்டே போனது. அவன் அரைத்த மாவேதான்! பசை காய்ச்ச ஆண்டிச்சாமி வாங்கி வைத்ததை, அரிசிமாவு என்று நினைத்து அந்த அம்மாள் கரைத்து ஊற்றியிருக்க வேண்டும். அக்கா ஒரு வாய் குடித்தால் கல்யாணம் அத்தோடு சரி.

தன் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தான். அக்கா கையிலிருந்ததையும் பிடுங்கிக் குடித்தான்.

"டேய், என்னடா இது?"

"அம்புட்டு ருசிக்கா. அத்தை, மிச்சத்தையும் சட்டியோட குடுத்துருங்க!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தம்பி கை நனைத்தாகிவிட்டதே, இனி அவள் என்ன சொல்ல முடியும்? தட்டு மாற்றினார்கள். வயிறு கல்லாகி, உட்கார முடியாமல், பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தான்.

கல்யாணமான பிறகு ஒருநாள், சாப்பிடும்போது பெருமை தாங்காமல் கேட்டான்.

"அன்னைக்கி ஒங்க ஆத்தா மானத்தக் காப்பாத்துனது யாருன்னு தெரியுமா?"

"ஆத்தா மேல பழி போடாதீங்க," என்றாள் செங்கமலம். "மில்லுக்காரன் வேணாம், எந்திரிச்சு ஓடட்டும்னு மாவ மாத்தி வச்சதே நாந்தான். நீங்க சட்டியோட வாங்கிக் குடிச்சதப் பாத்துத்தான் மனசு கேக்கல. சரின்னுட்டேன்."

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அவனுக்கு விளங்கவில்லை. விரல் மட்டும் தானாகக் குழம்புக் கிண்ணத்தை நோக்கி நகர்ந்தது.