நவமணி அக்காவின் நூற்றுப் பதினெட்டுப் போத்தல்கள்

எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. ஒன்றரை வருஷமாக இல்லை. கமிட்டித் தலைவர் சண்முகநாதன் தன் கார் நிற்கிற இடத்துக்குப் போட்ட கூரை மட்டும் பளபளவென்று இருக்கிறது. கார் நனையக்கூடாது, நாங்கள் எதைக் குடித்தாலும் பரவாயில்லை.

நாலாவது மாடி நவமணி அக்காவுக்கு பாயான் லெப்பாஸில் இருக்கிற கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. பதினோரு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் குறை தேடித் தேடி, மனுஷர்களைப் பார்க்கும்போதும் ஒரு கண்ணைச் சுருக்குவார். மகள் உமாவுக்கு மூன்று வயசு. குளித்தால் உடம்பெல்லாம் தடிப்பு. சொறிந்து சொறிந்து முழங்கையில் ரத்தம். அக்கா கமிட்டிக்கு ஆறு கடிதம் கொடுத்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அப்புறம்தான் படிக்கட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்த எங்களிடம் வந்து, என்னைப் பார்த்தார்.

"டேய் யுகேன், லிஃப்ட்ல ரப்பர் பல்லிய வச்சு ஆளுங்கள பயமுறுத்துற. அத பதினோராயிரம் பேரு பாக்குறான். என் கடிதத்த ஒருத்தன் பாக்கல. அந்தப் போன கொஞ்சம் உருப்படியா தூக்குடா."

பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். காலையில் அக்காவின் தொழிற்சாலை பஸ் வருவதற்குள் அவரவர் வீட்டுக் குழாயில் ஒரு போத்தல் பிடிக்க வேண்டும். மாடி, நேரம், பிடித்தவர் பெயர் எழுதி ஒட்டி, படம் எடுத்து எங்கள் இணையப் பக்கத்தில் போட வேண்டும். தொழிற்சாலையில் அப்படித்தானாம். "லேபல் இல்லாத போத்தல் குப்பைடா," என்பார். தூங்கிப்போன நாட்கள் போக, மூன்று வாரத்தில் நூற்றுப் பதினெட்டுப் போத்தல். பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகளும் அவர்கள் குழாயைப் படம் போட ஆரம்பித்தார்கள்.

கெடுத்தது நான்தான். என் போன் தானாகவே முகத்தை வெள்ளையாக்கும். தண்ணீரையும் ஆக்கியது. மஞ்சள் தண்ணீர் கடையில் வாங்கினது போலத் தெரிந்தது. எரிச்சலில் போத்தலுக்குள் இரண்டு கரண்டி கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத கோப்பி, ஊற்றிப் படம் எடுத்தேன். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் எவனோ ஒருத்தன் பெரிதாக்கிப் பார்த்து, அடியில் கிடந்த கோப்பித் தூளைக் கண்டுபிடித்துவிட்டான். மறுநாள் அந்தப் படம் லிஃப்டில் ஒட்டியிருந்தது. கீழே தலைவர் கையெழுத்து: 'கோப்பியைக் கலந்து பொய் சொல்கிறார்கள்.'

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எங்க ஃபேக்டரி லைன்ல ஒரு சாம்பிள்ல கை வச்சா மொத்த லாட்டும் ரிஜெக்ட், தெரியுமா?" என்றார் அக்கா. இடுப்பில் உமா சொறிந்துகொண்டிருந்தாள். நூற்றுப் பதினெட்டுப் படத்தையும் அக்காவே அழித்தார். நூற்றுப் பதினேழு உண்மை. அறைந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தனான ஹாஃபிஸ், என் போனில் முகத்தை வெள்ளையாக்கும் அந்த அழகு ஃபில்ட்டரை அணைத்தான். இரண்டு விநாடி வேலை, எனக்குத் தோன்றவில்லை. நேரலையில் முதலில் நான் பேசினேன்: கோப்பி ஊற்றினது நான், அக்காவுக்குத் தெரியாது. பிறகு அக்கா கமிட்டி ஆபீஸ் குழாயையே திறந்து, எல்லார் கண் முன்னாலும் ஒரு போத்தல் பிடித்தார். லேபலில் 'எண் 1' என்று எழுதினார்.

"எல்லாம் ஒரே தொட்டித் தண்ணிதான், அண்ணே. ஒரு வாய் குடிங்க."

"நான் மினரல் வாட்டர்தான் குடிப்பேன் லா."

"ஏன் அண்ணே?"

சண்முகநாதன் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தார். நேரலையில் அறுநூறு பேர் 'ஏன்?' 'ஏன்?' என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

புதன்கிழமை மூன்று ஆட்கள் ஏணியோடு மேலே போனார்கள். தொட்டியிலிருந்து இரண்டு மைனாக்களை வெளியே எடுத்தார்கள். இறகு மட்டும்தான் மைனா என்று சொன்னது. நான் வாந்தி எடுத்தேன். அந்தத் தண்ணீரில்தான் பல் விளக்கினோம். மூடி வந்தது, மன்னிப்பு வரவில்லை.

உமாவின் முழங்கை காய்ந்து வருகிறது. லிஃப்டில் அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. கிழிக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துவிட்டார்.

"விடுடா. கோப்பி கலந்தது உண்மதானே."