நல்ல அப்பாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம்

அந்த ஒன்றரைப் பக்கக் கதையில் ‘எங்கள் அப்பா மிகவும் நல்லவர்’ என்ற வரி ஐந்து இடங்களில் வந்தது. கோடு போட்ட தாள், நீல மை, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. எழுதியவள் காஞ்சிபுரத்தில் நான் தமிழ் நடத்தும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். அப்பா பட்டு நெய்பவர். கரை தனியாகக் கோத்து நெய்யும் புடவைக்கு இன்னொரு கை வேண்டும் என்பதால், விடியற்காலையில் அவரோடு தறியில் உட்கார்ந்துவிட்டு ஈரத் தலையோடு முதல் மணிக்கு ஓடி வருவாள். வகுப்பில் அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அந்த மாதம் சிறுகதையில் எள்ளல், தொனி, நடை என்று நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லை எழுத்தாளர் தேவைக்கு மேல் திரும்பச் சொன்னால் அங்கே சந்தேகப்படுங்கள் என்று கரும்பலகையில் எழுதியும் போட்டேன். பிள்ளைகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கேன்டீன் சாம்பார் சூப்பர் என்று யாராவது சொன்னால் ‘தொனியைக் கவனி’ என்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆளுக்கொரு கதை எழுதி வரச் சொன்னேன்.

‘பெரியப்பா வீட்டு அக்காவைப் பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். என்னை அப்பா கல்லூரிக்கு அனுப்புகிறார். எங்கள் அப்பா மிகவும் நல்லவர்’ என்று போனது இவளுடைய கதை. முடிவு இப்படி இருந்தது: ‘தை மாதம் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். எல்லாம் பேசி முடித்த பிறகு அப்பா என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார். எங்கள் அப்பா மிகவும் நல்லவர்.’

அடேயப்பா, இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு நஞ்சா என்று நான் பூரித்துப்போனேன். மறுநாள் அவள் பெயரைச் சொல்லி, வகுப்பில் உரக்க வாசித்தேன். ‘நல்லவர்’ வரும்போதெல்லாம் ஒரு நொடி நிறுத்திப் புருவத்தை உயர்த்தினேன். மூன்றாவது முறை வகுப்பே சிரித்தது. நானும்தான். ஒரு திட்டு வார்த்தை இல்லாமல் அப்பாவை எப்படித் தோலுரித்திருக்கிறாள் பாருங்கள் என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். “மேடம், எங்கப்பா நெஜமாவே நல்லவரு.”

அதற்கும் சிரித்தார்கள். அதையும் எள்ளல் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள்.

“எங்க தெருவுல எந்தப் பொண்ணையும் கேக்க மாட்டாங்க மேடம். தட்டு மாத்தப் போற அன்னிக்கு எங்கப்பா கேட்டாரு. படிக்கணும்னு சொன்னேன். அவரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போயி, எல்லார் எதிர்லயும் நின்னு, வேணாம்னு சொல்லிட்டு வந்தாரு. பெரியப்பா இன்னும் அவராண்ட பேசறதில்ல. அதனாலதான் நான் இங்க உக்காந்துக்கினு இருக்கேன்.”

எனக்கு முகம் சுட்டது. அப்போதும் வாத்தியார் புத்தி விடவில்லை. “இதை ஏம்மா கதையில எழுதலை?” என்று கேட்டேன்.

“நல்லவருன்னு எழுதிருக்கேனே மேடம்.”

பல வருடங்கள் ஆகிவிட்டன. அதே பாடத்தை இன்றும் நடத்துகிறேன். மாணவர் கதையை வாசிக்க எடுத்தால், முதலில் எழுதியவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அன்று அந்த வகுப்பிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்த அளவுக்குச் சத்தமாகக் கேட்கவில்லை.