மூன்று புள்ளி எட்டு புள்ளி இரண்டு

முப்பத்தொரு கணினிகள், நாற்பத்தாறு வரிகள். திரையில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் விரலை வைத்து, அங்கிருக்கும் எண்ணை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள் வெர்ஷன் அக்கா. "மூணு புள்ளி எட்டு புள்ளி ரெண்டு... சரி. ஒண்ணு புள்ளி பதினொண்ணு... சரி." விரல் பட்டுப் பட்டே அவள் திரையின் வலது ஓரம் மங்கிப் போயிருக்கிறது.

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகள் எல்லாம் அவள் பொறுப்பு. வெறும் பெட்டியாக வந்து இறங்கும் கணினியில் எந்த மென்பொருளை எந்த வரிசையில் நிறுவ வேண்டும் என்று ஒரு கோப்பில் கட்டளைகளாக எழுதிவைப்பாள். அதை ஓடவிட்டால் போதும், மீதியைக் கணினியே பார்த்துக்கொள்ளும். பலரும் மென்பொருளின் பெயரை மட்டும் எழுதிவிடுவார்கள். கடைசியாக வெளிவந்த பதிப்பு எதுவோ அது வந்து உட்காரும். இவள் பெயருக்குப் பக்கத்தில் பதிப்பு எண்ணையும் கடைசிப் புள்ளிவரை எழுதுவாள். பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

"புதுசுங்கறது ஒரு அடையாளமா? இன்னிக்கு ஒருத்தன் புதுசு, நாளைக்கு ஒருத்தன் புதுசு. யாருன்னு கேக்காம வீட்டுக்குள்ள விடுவீங்களா?" என்பாள்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் தொலைபேசியில் "இதோ வந்துட்டேன்" என்றால், "எந்த சிக்னல்ல நிக்கறீங்க?" என்று கேட்பாள். "இவகிட்ட கொஞ்சம் உப்பு போடுன்னு சொல்லிப் பாரேன், ஸ்பூனைக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டுவா" என்று மாமியார் தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார்.

பரிசோதனைக் கூடத்தின் புதிய கட்டடம் நாளை காலை திறக்கிறது. அதற்குள் முப்பத்தொன்றும் தயாராக வேண்டும். பத்து மணிக்கு முதல் கணினியில் கோப்பை ஓடவிட்டாள். இருபத்திரண்டாம் வரியில் நின்றுவிட்டது. பரிசோதனைக் கருவி அனுப்பும் முடிவுகளை அறிக்கையாக மாற்றும் மென்பொருள் அது. 3.8.2 கிடைக்கவில்லை என்றது திரை. தயாரித்தவர்கள் அந்தப் பதிப்பைத் தங்கள் தளத்திலிருந்தே எடுத்துவிட்டிருந்தார்கள். பழைய கட்டடத்துக் கணினிகளில் ஒரு பிரதியாவது கிடக்குமா என்று தேடினாள். கிடைக்காது. நிறுவி முடித்ததும் இறக்கிய கோப்புகளை அழித்துவிடு என்று கடைசி வரியில் அவளே எழுதியிருந்தாள், இடம் மிச்சமாகட்டும் என்று. தன் விரலே தன் கண்ணைக் குத்திவிட்டது.

மேலாளர் வந்து பின்னால் நின்றார். "என்னம்மா, நம்பர் நம்பர்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. நம்பரே ஓடிப் போயிடுச்சா? அதை அழிச்சிடுங்க, தானா ஓடும்."

"ஓடும் சார். எங்க போய் நிக்கும்னுதான் தெரியாது."

"பழசைவிடப் புதுசு நல்லாத்தானே இருக்கும்?"

"இருக்கலாம். அதை நாம பாத்துச் சொல்லணுமா, நோயாளி பாத்துச் சொல்லணுமா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி வரைக்கும் பாருங்க. அப்புறம் நானே வந்து அழிச்சிடுவேன். திறப்பு தள்ளிப்போனா மேல யாரைக் கேப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தளத்தில் மிச்சம் இருந்தவை இரண்டு: 3.9.0, 3.8.4. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவள் அல்ல அவள். நேரே பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளரிடம் போனாள். "அக்கா, பழைய ரிசல்ட் இருபது வேணும். வழக்கமா வராத, கோணல்மாணலா இருக்கறதாப் பாத்துக் குடுங்க."

"எல்லாரும் நல்ல ரிசல்ட் கேப்பாங்க. நீ ஒருத்திதான்டி கோணலைத் தேடி வர்ற."

முதலில் 3.9.0, எண்ணை அழித்தால் தானாக வந்து உட்காரும் பதிப்பு. இருபது முடிவுகளையும் அதன் வழியாக அனுப்பி, அச்செடுத்து, பழைய அறிக்கைகளோடு மேசையில் ஜோடி ஜோடியாகப் பரப்பினார்கள். பதினாறு வரை பிசகில்லை. பதினேழாவதில் பொறுப்பாளரின் பேனா நின்றது. பழைய தாளில் '0.5-க்கும் குறைவு' என்று இருந்தது. புதிய தாளில் வெறும் 0.5.

"அடியே, அரை வந்தாலே நோய்னு கணக்கு. ஒண்ணுமே இல்லாதவனுக்கு இருக்குன்னு சொல்லுதே இது! மருந்தை ஆரம்பிச்சிடுவாங்களே!"

சத்தம் கேட்டு வந்த மேலாளர் இரண்டு தாள்களையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மறுபடி படித்தார்.

அடுத்தது 3.8.4. இந்த முறை அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒப்பிட்டார். இருபதுக்கு இருபது. மணி இரண்டு நாற்பது.

"நாலையே போடுங்க" என்றார்.

அவள் இருபத்திரண்டாம் வரியில் எண்ணை மாற்றினாள். உடனே ஓடவிடவில்லை. கோப்பின் அடிவரைக்கும் இறங்கிப் போய், அழிக்கச் சொல்லும் அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டாள். அப்புறம்தான் ஓடவிட்டாள். 3.8.4-ஐ இரண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினாள். மற்றதை மேலாளரிடம் நீட்டினாள். "இது உங்க பீரோவுல இருக்கட்டும் சார்."

அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, வெளியே கையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். நாளை காலை ஏழு மணிக்குப் புதிய கட்டடத்தில் முதல் நோயாளி கையை நீட்டுவார்.