தேய்ப்பு மேசைக்குக் கீழே இருந்த கேட்

தச்சர் குடும்பத்தில் யாரும் நோயில் படுத்துச் செத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்பா கையில் உளியோடு ஒரு கட்டில் கால்மேல் சாய்ந்தபடியே போனார். பெரியப்பா மரம் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கும்போதே போனார். பெரியப்பாவின் இரண்டாவது மகன் மட்டும் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தான். அவனை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அவன் உளியைத் தொட்டவனே இல்லை, துணிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தான். ஆக, அந்த வம்சத்தில் மூச்சுக்கு வைத்தியம் பார்க்கப் படியேறிய முதல் ஆள் இந்தத் தச்சர்தான். இருமலைவிட அந்த வெட்கம்தான் அவரைப் பெரிதாக வாட்டியது.

டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒன்று தூசியை விடவேண்டும், இல்லையென்றால் தொழிலை விடவேண்டும், இரண்டையும் வைத்துக்கொண்டால் ஐந்தாறு வருஷம் என்று சொன்னார். தச்சர் தலையாட்டிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி அந்த ஐந்தாறு வருஷத்தைத்தான் கேட்டாள். வேறெதுவும் அவள் காதில் ஏறவில்லை.

பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. தகரம் போட்ட நீளமான கொட்டகை. நுழைந்ததும் ரம்ப மேசை, அது தச்சருடைய இடம். நடுவில் இழைப்பு மெஷின். கோடியில், ஜன்னலை ஒட்டி, உப்புத்தாள் மெஷின் வைத்துத் தேய்க்கும் மேசை. அது மனைவியின் தம்பியுடைய இடம்.

அந்தத் தம்பியை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். வாசல் நிலையில் இடிக்காமல் நுழையத் தெரியாத உயரம். அவனுக்கு இரண்டு வயதில் தாய் போய்விட்டாள், அப்போது அக்காவுக்குப் பதினொன்று. அப்பாவும் இருந்தார், இல்லாத மாதிரி இருந்தார். அக்கா இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை அவன். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது பெட்டியோடு அவனும் சேர்ந்து வந்தான். பிறகு அவனுக்கும் ஒரு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். ஒரு வருஷத்தில் பிறந்த வீட்டுக்குப் போன அந்தப் பெண் திரும்பி வரவில்லை. சண்டையும் இல்லை, காரணமும் இல்லை. அதற்கப்புறம் கொட்டகையை ஒட்டிய சின்ன அறையே அவனுக்கு வீடாகிவிட்டது.

மச்சானும் மாப்பிள்ளையும் இருபது வருஷம் ஒரே கூரையின்கீழ் வேலை பார்த்தார்கள். வாயைத் திறந்தால் கிண்டல்தான். தச்சர் ஒரு கதவைக் கோணலாக அறுத்துவிட்டால், நெட்டை தலையைச் சாய்த்துக்கொண்டு அதைப் பார்த்து, இப்படிச் சாய்ந்து பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது என்பான். நெட்டை எங்காவது தலையை இடித்துக்கொண்டால், நிலைக்கு அடிபடாமல் பார்த்துக்கொள் என்று தச்சர் சத்தம் போடுவார்.

டாக்டரிடம் போய்வந்த வாரமே இருவரும் தூசி உறிஞ்சும் மெஷின் வாங்கப் போனார்கள். ஒரு மோட்டார், ஒரு பை, அதிலிருந்து ஒரு பெரிய குழாய். அந்தக் குழாயிலிருந்து மூன்று மெஷினுக்கும் மூன்று கிளை. ஒவ்வொரு கிளையிலும் காற்றை அடைக்கவும் திறக்கவும் ஒரு தகடு, இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். கடைக்காரர் அதைக் கேட் என்றார். தண்ணீர்க் குழாய்க்குத் திருகு எப்படியோ அப்படித்தான் காற்றுக்கு இது என்றார்.

மோட்டாரைப் பேசி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கேட்டைத் தேர்ந்தெடுக்க அரை நாள் ஆனது. கடைக்காரர் மூன்று விதம் எடுத்து வைத்தார். முதலாவது கறுப்பு பிளாஸ்டிக். தகடு ஓடும் பள்ளத்தில் தூள் அடைந்துவிடும், ஆறு மாதத்தில் முழுசாக மூடாது என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டாவது கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். தூரத்திலிருந்து பார்த்தாலே திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியும். மூன்றாவது அலுமினியம், கனமானது, பக்கத்தில் ஒரு திருகு வைத்தது. எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவில் தகட்டை நிறுத்தி இறுக்கிக்கொள்ளலாம்.

தச்சர் அலுமினியத்தைக் கையிலேயே வைத்திருந்தார். தகட்டை இழுத்தார், தள்ளினார், காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே தெரிகிறதைக் காட்டி நெட்டை ஏதோ சொல்ல வந்தபோது, நமக்கென்ன கண்ணா அவிந்துபோச்சு என்று அதைத் தள்ளி வைத்தார்.

கடைக்காரர் சாமானைக் கட்டும்போது ஒன்று சொன்னார். "அண்ணே, இந்த மோட்டாருக்கு ஒரு நேரத்துல ஒரு கேட்தான். ரெண்டைத் திறந்து வச்சா ரெண்டு பக்கமும் அரைகுறையாத்தான் இழுக்கும். அதுலயும் தேய்க்கிற மேசையைப் பாத்துக்குங்க. அறுக்கிற தூள் கனம், கீழ விழுந்துடும். தேய்க்கிறது மாவு மாதிரி. கண்ணுக்கே தெரியாது, நேரா நெஞ்சுக்குப் போயிடும்."

பெரிய மோட்டாராக எடுத்தால் என்ன என்று தச்சர் கேட்டார். வீட்டு மின்சார லைன் தாங்காது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அப்படியானால் முறை வைத்துக்கொள்வோம், நான் அறுக்கும்போது நீ நிறுத்து, நீ தேய்க்கும்போது நான் நிறுத்துகிறேன் என்று தச்சர் மச்சானிடம் சொன்னார். சொன்னதோடு சரி. இருபது வருஷமாக இரண்டு சத்தமும் சேர்ந்து ஓடிய பட்டறை அது. ஒரு சத்தம் நின்றால் என்னவோ ஏதோ என்று இன்னொருத்தர் எட்டிப் பார்ப்பார்.

குழாயைத் தச்சரே பூட்டினார். ரம்பத்துக்கான கேட் இடுப்பு உயரத்தில், எதிரே. தேய்ப்பு மேசையில் ஜன்னல் இடித்ததால் கேட்டை மேசைக்குக் கீழே, சுவரை ஒட்டி வைக்கவேண்டி வந்தது. முறை வைப்பது நடக்காது என்று இரண்டாம் நாளே தெரிந்துபோனதும், இரண்டு தகட்டையும் பாதி பாதி திறந்து திருகை இறுக்கினார். ஆளுக்குப் பாதிக் காற்று, சண்டை இல்லை என்றார்.

பாதிக் காற்று ஒன்றுக்கும் உதவவில்லை. ரம்பத்துக்கடியில் தூள் முன்போலவே குவிந்தது. தச்சர் இருமிக்கொண்டே குழாய் இணைப்புகளில் ஒரு நாள் முழுக்க டேப் சுற்றினார், மெழுகு பூசினார். நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் மோட்டாரைப் போட்டபோது, ரம்பத்துக்கடியில் காட்டிய காகிதம் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனது. மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "எல்லாம் மெழுகுதான். எங்க பூசணும்னு தெரியணும்" என்று மூன்று வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். நெட்டையும் அதைக் கேட்டுவிட்டு, "கைராசி மச்சான்" என்பான்.

தச்சரின் இருமல் அடங்கியது. இரவில் முதுகைத் தட்டிக்கொடுத்து உட்கார்ந்திருந்த மனைவிக்குத் தூக்கம் திரும்பி வந்தது. நெட்டை வேலை நேரத்தில் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டு கட்டிக்கொள்ளத் தொடங்கினான். மீசை நரைத்துவிட்டது, மறைக்கிறான் என்று தச்சர் கேலி செய்தார்.

மூன்றாவது வருஷம் அவன் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் புறப்பட்டவன், பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். பிடிப்பு என்று சொன்னான். அடுத்த மாதம் நாலு படி ஏற இரண்டு இடத்தில் நின்றான். இருமல் அவ்வளவு இல்லை. மூச்சுதான் மேலேயே நின்றது, உள்ளே இறங்கவில்லை. தச்சரும் மனைவியும் அவனை அதே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். படத்தைப் பார்த்த டாக்டரம்மா, இவர் தூசி மெஷின் இல்லாத இடத்தில் வேலை பார்த்தாரா என்று கேட்டார். தச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் பட்டறையில் மெஷின் வைத்து மூன்று வருஷமாகிறது, நானே மெழுகு பூசினேன் என்று நீட்டி முழக்கினார். டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதினார். இது திரும்ப வராத நெஞ்சு, இருக்கிற மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தச்சர் நேரே பட்டறைக்குப் போனார். எங்கோ அடைப்பு இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். தேய்ப்பு மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு கிளைக் குழாயைக் கழற்றினார். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அடைப்பு ஒன்றுமில்லை. குழாய் கடையிலிருந்து வந்த நாள்போலப் பளபளவென்று இருந்தது. குறுக்கே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. அதில் காய்ந்த பூச்சிகள் ஏழெட்டு தொங்கின. கேட்டை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மூடின தகடு பள்ளத்திலேயே இறுகிப்போயிருந்தது. சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது.

அவர் மேசைக்குக் கீழேயே படுத்திருந்தார். காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போன காற்று எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மனைவி துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். பட்டறையைக் கூட்டுவது இத்தனை வருஷமும் அவள் வேலை. கழற்றிக் கிடந்த குழாயைப் பார்த்தாள், புருஷனின் காலைப் பார்த்தாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"நான்தான் மூடச் சொன்னேன்" என்றாள்.

தச்சர் வெளியே வரவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். "தெனமும் கூட்டறவ நான்தானே. உங்க ரம்பத்துக்கடியில முறம் முறமா வரும். அவன் பக்கம் ஒரு கைப்பிடிகூட வராது. அவனுக்கு என்னாத்துக்குக் காத்து, இருக்கறத உங்க பக்கம் விட்டா நீங்க பொழச்சுக்குவீங்கன்னு நெனச்சேன். அவன்கிட்ட சொன்னேன். சரிக்கான்னான். வேற ஒரு வார்த்தை பேசல."

தேய்க்கிற தூள் கூட்டினால் வராது, அது கீழேயே இறங்குவதில்லை என்று தச்சர் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் டாக்டரம்மாவின் பேச்சிலிருந்து அவளுக்கு அது பாதி விளங்கிவிட்டது. மீதி அவர் வாயைத் திறக்காததிலிருந்து விளங்கியது. அவள் கூட்டாமலே போய்விட்டாள்.

நெட்டைக்குக் கடைக்காரர் சொன்னது நன்றாகத் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டவன்தானே. தச்சர் அவன் அறைக்குப் போனார். நாலு தலையணையில் முதுகைக் கொடுத்து, கட்டிலுக்கு வெளியே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் இரண்டு பேரும் கட்டிலின் கால் ஆடுவதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு தச்சர், ஏண்டா தெரிந்தே இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

நெட்டை மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினான். "மச்சான், அக்கா வந்து சொல்றதுக்கு முன்னாடியே நான் மூடிட்டேன். உன் இருமல் சத்தத்துல எனக்கு வேலை ஓடல. அவ சொல்லி நான் செய்யல. இத அவகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா."

"நிசமாவா?"

"பின்ன என்ன, விளையாட்டா?"

தச்சர் அவன் முகத்தையே பார்த்தார். இருபது வருஷம் பார்த்த முகம். பொய்யா மெய்யா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் அவர் அதை மனைவியிடம் சொன்னார். அவள் தம்பியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"சின்னப் பிள்ளையிலயும் இப்படித்தான்" என்றாள். "நான் எதையாவது உடைச்சுட்டா, அப்பா வர்றதுக்குள்ள அக்கா இல்ல, நான்தான்னு ஓடிவந்து நிப்பான்."

அதற்குமேல் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அவள் தம்பிக்கு வேண்டியதெல்லாம் செய்தாள். வாயில் ஊட்டினாள், உடம்பு துடைத்தாள், உட்காரவைத்தே தூங்கப் பண்ணினாள். அவன் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அவன் ஏதாவது கிண்டல் செய்தால், சிரிக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் கொண்டுவர எழுந்து போய்விடுவாள். ஏழு மாதம் அப்படி ஓடியது. ஒரு பகலில், அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, அவன் போய்விட்டான். அவனுக்குச் சவப்பெட்டி செய்ய வேறு ஆளைத் தேடவேண்டாம் என்று தச்சர் சொல்லிவிட்டார். வழக்கமான அளவுக்கு அறுத்து, அது போதாமல் போய், மறுபடி பலகை எடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா வரச்சொன்ன நாள் வந்தது. தச்சர் போகமாட்டேன் என்றார். மனைவி விடவில்லை, கூடவே வந்தாள். புதுப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

"நல்ல முன்னேற்றம்ங்க. அப்ப இருந்ததைவிட மோசமாகவே இல்லை, கொஞ்சம் தெளிஞ்சுகூட இருக்கு. உங்க வயசுக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்" என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே பாத்துக்கறீங்க? என்ன செஞ்சீங்களோ, அதையே விடாம செய்யுங்க."

மனைவி எழுந்து வெளியே போனாள். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. என்ன ஆயிற்று இவங்களுக்கு என்று டாக்டரம்மா கேட்டார். தலைசுற்றல் என்று தச்சர் சொன்னார். சட்டைப் பொத்தானை மாட்ட நிற்கவில்லை. அப்படியே திறந்த மார்போடு அவள் பின்னால் படியிறங்கினார்.