ஏன் மேடத்தின் கை வைத்தியம்

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏன் மேடம்’ என்றால்தான் தெரியும். வாஷிங் மெஷினின் முகப்பை வரைவது அவள் வேலை: எந்தப் பொத்தான் எங்கே, எந்த எழுத்து எவ்வளவு பெரிது. அந்த முகப்புக்குப் பின்னால் ஓடும் வயர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினோரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. “ஏன் இது இங்க இருக்கு?” என்று அவள் கேட்காத நாள் இல்லை. எனக்குத் தலைவலி வராத நாளும் இல்லை.

அவள் போனில் ‘கை வைத்தியம்’ என்று ஒரு ஆல்பம் வைத்திருந்தாள். எவனோ வரைந்து சொதப்பியதை ஜனங்கள் தாங்களே சரிசெய்துகொண்ட படங்கள். இழுக்க வேண்டிய கதவில் ‘தள்ளாதீர்கள்’ என்று ஒட்டிய அட்டை, அடுப்புத் திருகில் நகப்பாலீஷால் வைத்த சிவப்புப் புள்ளி, வழுக்கும் மருந்து மூடியில் சுற்றிய ரப்பர் பேண்ட். ஒவ்வொன்றுக்கும் கீழே, வரைந்தவனை நினைத்து ஒரே வரிதான் எழுதுவாள்: ‘செய்த புண்ணியவான் யாரோ.’

ஒருமுறை என்னை ஓவியக் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். போனவள் தரையைப் படம் எடுத்தாள். ஒரு சின்ன ஓவியத்துக்கு முன்னால் மட்டும் மரத்தரை தேய்ந்து வெளுத்திருந்தது. “ரொம்பப் பேருக்குப் பிடிச்ச படம் போல” என்றேன். “மண்ணாங்கட்டி. பக்கத்துல விளக்கம் எழுதியிருக்கான் பாரு, எழுத்து பொடிசு. எல்லாரும் கிட்டப் போய் குனிஞ்சு நின்னு படிச்சிருக்காங்க” என்றாள். குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

கடந்த இரண்டு வருஷமாக ஆல்பத்தில் படம் சேர்வது நின்றுபோயிருந்தது. புது மெஷினின் முகப்பை மேலாளர் ஒன்பது தடவை மாற்றச் சொன்னார். முதலில் திருகு போயிற்று. பிறகு பொத்தான்கள் போயின. கடைசியில் மிஞ்சியது வழுவழுவென்று ஒரு கருப்புக் கண்ணாடி, தொட்டால் போதும். ஒன்பதாவது தடவை அவள் ஏன் என்று கேட்கவில்லை. “சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்து, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒரு கேள்வி குறைந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரிக்குச் செய்யும் முதல் மெஷின், அதை வரைந்தவர் வீட்டுக்குப் போகும். ஒரு மாதம் வீட்டார் அதில் துவைக்க வேண்டும். பிறகு வரைந்தவரே அறிக்கை எழுதிக் கொடுத்தால்தான் தொழிற்சாலையில் வேலை தொடங்கும். அவள் வீட்டில் இருப்பது அவளும் அவள் அப்பாவும்தான். அப்பாவுக்குப் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. சமையலை விட்டார், கடைக்குப் போவதை விட்டார், துவைப்பதை மட்டும் விடவில்லை. “என் துணிய நான் துவைக்கிற வரைக்கும் நான் யாருக்கும் பாரமில்ல” என்பாராம். புதிது வந்ததும் பழைய மெஷினைப் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துப் போய்விட்டார்.

தினமும் வீடு திரும்பியதும் இவள் கேட்பாள், “மெஷின் எப்படிப்பா?” அவர் சொல்வார், “பிரமாதம்மா.” கொடியில் துணி வெள்ளை வெளேரென்று காயும். மாதக் கடைசியில் எழுதினாள்: ‘வீட்டிலுள்ள பெரியவர் தனியாகவே பயன்படுத்தினார். குறை ஒன்றும் இல்லை.’ ஊரையெல்லாம் குடைந்து கேள்வி கேட்டவள், அப்பாவின் ஒரு வார்த்தையை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவு அலுப்பு.

அடுத்த வாரம் காய்ச்சல் என்று மத்தியானமே வீட்டுக்குப் போனாள். குளியலறையில் அப்பா, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் மூட்டெல்லாம் சிவந்திருந்தது.

“என்னப்பா இது? மெஷின் ரிப்பேரா?”

“அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. பழசுல திருகு இருந்துச்சு, ‘டக் டக்’னு மூணு சத்தம் எண்ணித் திருப்பிடுவேன். இதைத் தடவித் தடவிப் பாத்தேன், கைக்கு ஒண்ணும் தட்டுப்படல.”

“அப்புறம் ஏன்பா பிரமாதம்னீங்க?”

“ரெண்டு வருஷம் மாடா உழைச்சு வரைஞ்சிருக்க. உன் குரலே அலுத்துப்போய்க் கிடக்கு. இதுல நான் வேற குறை சொல்லணுமா?”

மறுநாள் இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். நேராக மேலாளரிடம் போய் அறிக்கையைத் திரும்பக் கேட்டாள். “வேலை ஆரம்பிச்சு நாலு நாளாச்சும்மா. அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்” என்றார். உண்மை அறிக்கை ஒன்றை எழுதினாள். அவர் அதை வாங்கி, படிக்காமல் கோப்பில் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. மெஷின்கள் லாரி ஏறின.

மூன்று நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் போனை என் பக்கம் தள்ளினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஆல்பத்தில் ஒரு புதுப் படம். கருப்புக் கண்ணாடிக்குக் கீழே உள்ள சட்டத்தில், காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை நறுக்கி மூன்று இடத்தில் ஒட்டியிருந்தது. விரல் பிளாஸ்திரியைத் தேடிப் பிடித்து, நேரே மேலே போனால் தொட வேண்டிய இடம்.

“நேத்து ரெண்டு தடவை துவைச்சாரு. அழுக்கே இல்லாத போர்வையக்கூட எடுத்துப் போட்டுட்டாரு” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: ‘செய்த புண்ணியவதி நான்.’

அந்தக் கண்ணாடி எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வாயைத் திறக்காமல் வயரைப் பூட்டிக் கொடுத்தவள் நான். போனை வாங்கி, அந்த வரிக்குக் கீழே தட்டினேன்: ‘பக்கத்து மேசைக்காரியும்.’